கொடியேறிய போர்வை

கீழ்வானம் வெளுத்து, துறைமுகத்துப் பாய்மரங்களும் ஆட்சிமன்றத்தின் மாடங்களும் இருளினின்று ஒவ்வொன்றாய்ப் பிரிந்து தோன்ற, தெருத்தோறும் கதவுகள் திறக்க, கூரைகள் அனைத்தின்மீதும் அம்மாநிலத்தின் நீலக்கொடி காற்றை வாங்கி விரிந்த அவ்வினிய வேளையில், கற்றறிந்தீர், அக்கொடியை வடித்த முதியவள் மட்டும் தலைகுனிந்து, ஒரு துணிப்பொதியை மார்போடு அணைத்தபடி, தங்கையின் வாயிலில் நின்றாள்.

இளமையில் அவள் துணிகளுக்குப் பூவேலை வரைபவள். மாநிலத்துக்கொரு கொடி வேண்டுமென்ற மன்றத்தார், தாளில் தீட்டியதை நம்பாது, கம்பத்தில் ஏற்றிப் பார்த்தே தேர்வோம் என்றனர். கடைகளில் கிடைத்த நீலமெல்லாம் வானோடு கரைந்துபோக, அவள் தைத்த வெண்பறவை பற்றுக்கோடின்றித் தனியே மிதந்தது. மறுநாள் தேர்வு. அப்போதுதான் தங்கையின் பெட்டியிலிருந்த போர்வை அவள் நினைவில் மின்னியது. கடலுக்குப் போய் மீளாத கணவன் தங்கைக்கு விட்டுச்சென்ற ஒரே உடைமை. மயிற்கழுத்தும் நாணும் நீலம். ஆசை கண்ணை மறைக்க, தங்கை வெளியே சென்றிருந்த பொழுதில், "வேறொன்று வாங்கித் தந்தால் போயிற்று" என்று தன் நெஞ்சுக்குச் சொல்லி, அதில் கத்தரியை வைத்துவிட்டாள்.

கொடி வென்றது, புகழ் வந்தது. தங்கையோ ஒரு சுடுசொல்லும் கூறாமல் அடுத்த தெருவுக்குக் குடிபோய், கம்பத்தை நோக்கிய சாளரத்தை அடைத்தவள் பின் திறக்கவேயில்லை. நேற்று, வெயிலும் மழையும் தின்று தீர்த்த அந்த முதற்கொடியை மன்றத்தார் வடித்தவளிடமே திருப்பித் தந்திருந்தனர்.

கதவு திறந்தது. தங்கை பொதியைப் பார்த்தாள்.

"என்னக்கா, எடுத்துட்டுப் போனதைத் திருப்பிக் குடுக்க இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"நல்லா குத்திக் காட்டுடி, கேட்டுக்கிறேன். ஆனா இதை வாங்கிக்கோ."

விரித்தபோது நீலம் சாம்பலாய் வெளிறியிருந்தது. தங்கை ஓரத்து மடிப்பின் தையலை நகத்தால் பிரித்தாள். உள்ளே, ஒளி படாத விரலகலத்தில், பழைய நீலம் உயிரோடிருந்தது. அதை மெல்ல வருடினாள்.

"அவர் என் தோள்ல போட்டு விட்டப்போ இப்படித்தான் இருந்துச்சு."

"அன்னைக்கே என்னைத் திட்டித் தீர்த்திருக்கலாமேடி!"

"திட்டி என்னக்கா ஆகப்போகுது? ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே கத்தரியை எடுத்துக் குடுத்திருப்பேன். ஊரே அவர் போர்வையை அண்ணாந்து பாக்குதுன்னு தினமும் ஜன்னலைத் திறந்து வச்சிருப்பேன்."

அடைத்த சாளரத்துக்கு அப்பால் புதிய கொடி படபடத்தது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் ஒன்றைக் கேளாமல் எடுத்தவள், துணியைத் திருப்பித் தரலாம். தங்கை மனமுவந்து கொடுத்திருக்கக்கூடிய அந்த ஒரு நாளை எங்ஙனம் திருப்பித் தருவாள்? மாநிலமே தலைநிமிர்ந்து நோக்கும் அந்நீலத்தின்கீழ், அதனை வடித்தவள் நிலம் நோக்கியே வீடு திரும்பினாள்.