கேமரா முன்னால் வராத விருந்தாளி

தங்கையின் தலை முழுக்க ஒயர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா. மாத்திரையை நிறுத்தி, வலிப்பை வரவழைத்து, அது மூளையில் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் அந்த இடத்தை அறுத்து எடுத்துவிடலாமாம். இதைச் சொல்ல ஒரு டாக்டர் கிடைப்பதற்குள் அவளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. எங்கள் தெரு டாக்டர் அதுவரை ஒரு மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். ஆபரேஷன் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. அவரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வலிப்புக்கு எங்கள் வீட்டில் விருந்தாளி என்று பெயர். தையல் மிஷின் முன்னால், அடுப்பங்கரையில், பஸ் படியில் என்று சொல்லாமல் கொள்ளாமல் வரும். இங்கே வந்த பிறகு ஒரு வாரமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாங்கறப்பல்லாம் வந்து நிக்கும். இப்ப கால்ல விழுந்து கூப்பிடணும் போலருக்கு," என்றாள் தங்கை. சிரித்தாள்தான். ஆனால் முகம் வாடியிருந்தது.

கட்டில் எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த கடைசி நாள் காலை அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது, கேமராவுக்கு எட்டாத ஜன்னலோரம் அம்மா திரும்பி நின்று பாலில் மாத்திரையைக் கரைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பூன் சத்தம் கேட்டுவிடுமென்று விரலால் கலக்கினாள்.

"என்னம்மா பண்றே?"

"பாதிதாண்டி. ஒரு வேளைகூடத் தவறக்கூடாதுன்னு நம்ம தெரு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரே. எப்படிடி நிறுத்துறது? ஒரேயடியா போயிட்டாள்னா?"

"தினமும் குடுத்தியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பாலைப் பிடுங்கித் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஒயர் மாட்டும் டெக்னீஷியனைத் தேடி ஓடினேன். அவர் டாக்டரைக் கூட்டி வந்தார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இந்தக் கட்டிலுக்கு அடுத்து ஒரு குழந்தை வெளியில காத்திருக்கும்மா. நீங்க மறுபடி வரிசையிலதான் வரணும். ஒண்ணரை வருஷம் ஆகலாம். மாத்திரையை ராத்திரியிலேருந்து முழுசா குடுங்க," என்றார். இவ்வளவு பெரிய ஊருக்கு இப்படிப்பட்ட கட்டில் இரண்டே இரண்டுதான்.

ஒயர்களைக் கழற்றினார்கள். பசை ஒட்டிய தலைமுடியோடு தங்கை லிஃப்டுக்கு முன்னால் வந்து நின்றாள். அங்கே வந்தது விருந்தாளி. கழுத்து ஒரு பக்கமாகத் திருகியது. தொபீரென்று விழுந்து துடித்தாள்.

டெக்னீஷியன் ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

"இப்ப மாட்டுங்கண்ணா. இப்பவே மாட்டிப் பாருங்க," என்று அவர் கையைப் பிடித்தேன்.

"ஒயர் இல்லாம வந்தது கணக்குல வராதும்மா," என்றார். திறந்திருந்த கதவுக்குள் ஒரு குழந்தை தங்கையின் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. ஒயர் மாட்ட நர்ஸ் அதன் தலையை அளந்துகொண்டிருந்தாள்.

துடிப்பு அடங்கி, வெகுநேரம் கழித்துத் தங்கை கண் திறந்தாள். கடைவாயில் ரத்தம். கட்டிலில் இருப்பதாகவே நினைத்தாள் போலிருக்கிறது, கை தலையில் ஒயரைத் தேடியது.

"வந்துச்சாம்மா? கேமராவுல விழுந்துச்சா?"

அம்மா முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். "விழுந்துச்சு கண்ணு. எல்லாம் விழுந்துச்சு."

"அப்பாடா. அப்ப ஆபரேஷன் பண்ணிடுவாங்கல்ல?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்கும் அம்மாதான் ஆமாம் என்றாள்.