ஒரு பாட்டில் பாதாம் விழுது

நாலு வருஷமாக அந்த வீட்டை ஆண்டது ஆர்டித்தின் வயிறுதான். எந்தக் கல்யாணத்துக்குப் போகலாம், காரில் எத்தனை மைல் வரை துணியலாம் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானித்தது. டாக்டர்கள் குடல் அழற்சி என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையோடு அவளாக ஒரு புத்தகம் வாங்கி, அதில் போட்டிருந்த பத்தியத்தை இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தாள். முதலில் எலும்பு சூப்பு, அப்புறம் வேகவைத்த கேரட், அப்புறம் முட்டை. புதிதாகச் சேர்க்கிற எதையும் நாலு நாள் சாப்பிட்டுப் பார்த்து, நோட்டில் குறித்து, வயிறு சம்மதித்தால்தான் அடுத்த படி. சர்க்கரை கூடாது. தேன் கொஞ்சம் போகலாம். மேப்பிள் பாகு அறவே கூடாது.

மேப்பிள் பாகுக்குப் பேர்போன அமெரிக்க மாநிலம் வெர்மான்ட்டில், அதுவும் எண்ணூறு மேப்பிள் மரத்தில் சாறு இறக்கக் குழாய் அடித்து வைத்திருக்கும் அவள் புருஷன் லைமனின் வீட்டுக்குள் இப்படி ஒரு புத்தகம் நுழைந்தால் அவன் சும்மா இருப்பானா?

"மரத்துச் சாறைக் கொதிக்க வச்சா பாகு. இதுல என்ன விஷம் கண்டுட்டாங்க? அந்தப் புத்தகத்தை எழுதினவளுக்குச் சொந்தமா ஒரு மரமாவது இருக்கா, கேளு."

"என் குடல்ல உன் மரம் முளைக்க வேண்டாம், கிழவா. பாகு காய்ச்சுற கொட்டகைக்குப் போ."

மார்ச் மாதம் ஆர்டித் பாதாம் விழுதுப் படிக்கு வந்து சேர்ந்தாள். அந்தப் படியில் அவளுக்கு ஒரு பெரிய காரியம் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய அக்கா லோயிஸ் அரிசோனாவில் இருந்தாள். எட்டு வயது மூத்தவள், இருதயம் பலவீனம். நேரில் பார்த்து நாலு வருஷம். ஏப்ரலில் போக விமான டிக்கெட் எடுத்தாயிற்று.

"நாலு நாள் இந்த விழுது வயித்துல தங்கட்டும்," என்றாள் ஆர்டித். "ரெண்டு பாட்டிலைப் பெட்டியில போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவேன். வாழைப்பழம் எங்கேயும் கிடைக்கும். அதையும் இதையும் வச்சே பத்து நாளை ஓட்டிருவேன். தங்கலைன்னா மறுபடி சூப்புதான். சூப்புச் சட்டியைத் தூக்கிட்டு பிளேன் ஏற முடியுமா?"

அவள் விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததால் பாதாம் வேலையை லைமன் ஏற்றுக்கொண்டான். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தான். ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறிய பருப்பைக் காலையில் அலசி, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை உரித்தான். ஒரு பருப்பு வழுக்கிப் பறந்து ஜன்னல் கண்ணாடியில் பட்டது. ஆர்டித் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு தட்டில் பரப்பி, ஓவனை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்து, கதவு முழுசாக மூடாதபடி ஒரு மரக்கரண்டியைச் சொருகினான். இருபது மணி நேரம் காய வேண்டும். உடைத்தால் பட்டென்று சத்தம் கேட்க வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பன்னிரண்டு மணி நேரத்தில் லைமன் தட்டை வெளியே எடுத்தான். அந்த வாரம் பார்த்து மரங்கள் சாறாகக் கொட்டின. தொட்டி தளும்பியது. அன்றே காய்ச்சாவிட்டால் சாறு கெட்டுப்போகும். ஒரு பருப்பை உடைத்துப் பார்த்தான், வளைந்தது. பரவாயில்லை என்று மிக்ஸியில் போட்டான். எண்ணெய் பிரியவே இல்லை. நனைந்த மரத்தூள் மாதிரி மிக்ஸி ஜாரின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு நின்றது. வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது.

திரும்பத் தட்டில் பரப்பிக் காயவைத்திருக்க வேண்டும். அது அவனுக்கும் தெரியும். ஆனால் கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேசைமேல் அந்த சீசனின் முதல் பாகு இருந்தது. முதல் பாகு வெளிறியிருக்கும், வாசனையும் குறைவு. ஆறு மாதமாக சூப்பு குடித்த நாக்குக்கு என்ன தெரியப்போகிறது? ரெண்டு கரண்டி ஊற்றினான். விழுது இன்னும் இறுகிப்போயிற்று. கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சமாளித்தான்.

ஆர்டித் ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். சற்று நேரம் திறக்கவில்லை.

"இதுல என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. பொறுமையா காயவச்சா பருப்புக்கே ஒரு இனிப்பு வந்துரும்."

அவனை ஒரு பார்வை பார்த்தாள். "அப்படியா," என்றவள் இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டாள்.

நாலு நாளில் பாட்டில் காலி. ஐந்தாம் நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வாரம் அவள் படுத்த படுக்கை. பாகுதான் காரணமா, காயாத பருப்பா, நோயே தன் பாட்டுக்கு வந்ததா, யாரால் சொல்ல முடியும்? தான்தான் காரணம் என்பதில் லைமனுக்குச் சந்தேகமே இல்லை. நோட்டில் அவள் எழுதியதைப் பார்த்தான். 'பாதாம். ஒத்துக்கொள்ளவில்லை.' பாதாம் என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு.

பிறகு அவள் போனை எடுத்தாள். "இந்தத் தடவை முடியாது லோயிஸ். பாதாம் சேரல. மறுபடி சூப்பு. பனி விழுறதுக்குள்ள எப்படியாவது வந்துடறேன், பாரு."

லைமன் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பாட்டிலைக் கழுவினான். கழுவிய பாட்டிலையே திரும்பக் கழுவினான். இப்போது சொல்லிவிடலாம், டிக்கெட் இன்னும் கையில் இருக்கிறது என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. வெட்கங்கெட்டவன்.

ஆகஸ்டில் லோயிஸ் தூக்கத்திலேயே போய்விட்டாள். அடக்கத்துக்கும் ஆர்டித்தால் போக முடியவில்லை.

அக்டோபரில் ஒருநாள், யாரும் கேட்காமலே, லைமன் பாதாமை ஊறப்போட்டான். தோல் உரித்தான். இருபத்திரண்டு மணி நேரம் ஓவனை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பருப்பும் பட்டென்று உடைந்தது. மிக்ஸியில் முதலில் மாவாகி, உருண்டையாகத் திரண்டு, கடைசியில் எண்ணெய் விட்டு இளகி, கரண்டியிலிருந்து தானாக வழிந்தது. அதைக் கொண்டுபோய் ஆர்டித் முன்னால் வைத்தான்.

"அன்னிக்கு பாதாம் மேல தப்பு இல்ல, ஆர்டி. நான்தான் பாகு ஊத்தினேன். ரெண்டு கரண்டி. சரியா காயவும் வைக்கல. லோயிஸை நீ பாக்காமப் போனது என்னாலதான்."

ஆர்டித் பாட்டிலைச் சாய்த்து, விழுது வழிவதைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"எங்கப்பாவும் பாகு காய்ச்சினவர்தான், லைமன். நாக்குல வச்ச உடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சாப்பிட்ட?"

"ஆறு மாசம் ஆகியிருந்துச்சு, அந்த ருசியைப் பார்த்து. ஒரு கரண்டியோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை." அவள் பாட்டிலை நிமிர்த்தி வைத்தாள். "நோட்டுல பாதாம்னு எழுதிட்டேன். பாகுன்னு எழுதினா நானும் மாட்டிப்பேன்ல. நீயா வந்து சொல்லுவ, சொன்னா நானும் சொல்லிடலாம், இன்னொரு தடவை ஒழுங்கா செஞ்சு பாக்கலாம்னு காத்துக்கிட்டே இருந்தேன். ஏப்ரல் போச்சு. மே போச்சு."

லைமன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஆர்டித் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மெதுவாக விழுங்கினாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "இதைத்தான் எடுத்துட்டுப் போயிருக்கணும்."