கிரீம் அக்கா கொடுத்தனுப்பிய வெள்ளை டப்பா

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் புகை வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். அடுப்பிலிருந்து வரும் புகையை மட்டும் சொல்லவில்லை, காதிலிருந்து வருவதையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது மாடியில் எனக்கு எதிர்வீடு கிரீம் அக்காவுடையது. என்னைவிட இளையவள்தான், எல்லோரும் அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவள் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் காற்றுக்காக விட்ட குறுகலான சந்து. அப்படிக் கட்டியது நானில்லை, கட்டினவரைக் கேளுங்கள். கல்யாண வீடுகளுக்கு அடுக்கடுக்காகக் கேக் செய்து கொடுப்பது அவள் தொழில். அவள் செய்து வைத்த சர்க்கரை ரோஜாவைத் தேனீ ஒன்று சுற்றிச் சுற்றி வந்து ஏமாந்துபோனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவள் அலமாரியில் எல்லாம் ஒரே அளவு வெள்ளை டப்பாக்கள். ஒன்றிலும் பெயர் எழுதியிருக்காது. "தொட்டுப் பார்த்தா தெரியாதா?" என்பாள். மகள் இடுப்பில் உட்கார்ந்திருந்த காலத்தில் அதையே விளையாட்டாகவும் வைத்திருந்தாள். ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து, "சொல்லு, இது என்ன?" என்று கேட்பாள். அந்த மகளை நாங்கள் பொடிசு என்போம். இப்போது இரண்டாம் வகுப்பு. ஆர்டர்கள் பெருகிய பிறகு அந்த விளையாட்டு நின்றுபோனது. "கிட்ட வராத, கை படப் போகுது" என்பதுதான் ஜன்னல் வழியாக எனக்கு அதிகமாகக் கேட்கும் வசனம்.

இரண்டாவது மாடியில் அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை, கண்ணாடிக் கடையில் வேலை. பொடிசு அத்தை என்று கூப்பிடப்போய் கட்டடத்துக் குழந்தைகளுக்கெல்லாம் அத்தையாகிவிட்டாள். அவள் சமையலைப் பற்றி நான் சொன்னால் பொல்லாப்பு. பால் காய்ச்சினால் அடுப்பு குடிக்கும், இவள் குடிக்க மாட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் கட்டடத்துக் குழந்தைகள் எல்லாம் அவள் சமையலறையில்தான் இருக்கும்.

அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்கச் சல்லடை கேட்கிற சாக்கில் ஒருநாள் போனேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. வாழைப்பழத்தைத் துண்டு போட்டு வரிசையாக அடுக்கி, முன்னால் இரண்டு திராட்சையை வைத்தால் கம்பளிப்பூச்சி. ரொட்டியில் டம்ளரைக் கவிழ்த்து அழுத்தினால் நிலா. பிஸ்கெட்டுகளுக்கு வெள்ளரிச் சக்கரம் வைத்தால் ரயில். தரையெல்லாம் பிசுபிசு. அத்தையின் கண்ணாடியில் ஜாம் ஒட்டியிருந்தது. ஒரு குழந்தையையும் அவள் "தொடாதே" என்று சொல்லி நான் கேட்கவில்லை. சல்லடை கேட்க மறந்து திரும்பிவிட்டேன்.

பொடிசு தலையில் வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வரும்.

"என்னடி இது முடியில?"

"கம்பளிப்பூச்சியோட வாலும்மா."

"வாழைப்பழத்தை நறுக்கி வைக்கிறதெல்லாம் ஒரு சமையலா? உன் அத்தைக்கு அதைத் தவிர வேற என்ன வரும்?"

"ரயில் வரும்."

கிரீம் அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். சும்மாவும் இருக்கவில்லை. ஒரு ஞாயிறு அவளே குழந்தைகளைக் கூப்பிட்டாள். ஆளுக்கொரு ஏப்ரன், தலைக்குத் தொப்பி, வரிசையாக நாற்காலி. அவள் ரோஜா செய்தாள், குழந்தைகள் பார்த்தன. இலை செய்தாள், அதையும் பார்த்தன. ஒன்று தூங்கிவிழுந்தது. இன்னொன்று, "ஆன்ட்டி, கீழ போகட்டுமா?" என்று ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற மாதிரி விரலைத் தூக்கியது. கடைசியில் படியிறங்கிப்போன வரிசையின் வாலில் பொடிசும் இருந்தது. அன்று அக்கா பாத்திரம் கழுவிய சத்தத்தில் என் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது.

இந்த நேரத்தில்தான் பொடிசின் பிறந்தநாள் வந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு, காலைச் சாப்பாட்டு நேரம். நான் ஜன்னலோரம் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.

"பிறந்தநாளுக்கு எத்தனை அடுக்கு வேணும் கண்ணு? கோட்டை மாதிரி செய்யட்டுமா?"

"அத்தை செய்யட்டும்மா."

கரண்டி தட்டில் டங்கென்று விழுந்தது.

"உங்க அத்தை முட்டை உடைச்சா பாதி ஓடு உள்ள விழும்டி!"

"அதை நாங்க பொறுக்கி எடுப்போமே. நீ செஞ்சா நான் என்ன செய்யறது? பார்த்துட்டே நிக்கணும்."

பொடிசின் அப்பா வாயைத் திறந்தார். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு கேக்..." மனைவி பார்த்த பார்வையில், காலில் போட்டிருந்த செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் கேக் செய்கிறவள், பெற்ற மகளின் பிறந்தநாளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? அதுவும் பால் காய்ச்சத் தெரியாதவள் செய்த கேக்கைத் தின்றுகொண்டு? வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மதியம் பொடிசு மூச்சுவாங்க ஓடிவந்தது. "அம்மா, பிஸ்கெட் வீடு கட்டறோம். சுவரு ஒட்ட ஐசிங் சுகர் வேணுமாம். அத்தை கேட்டாங்க."

மைதா மாதிரி நைஸாக அரைத்த சர்க்கரைதான் ஐசிங் சுகர். எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்தால் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். அக்காவின் கை அந்த டப்பாவுக்குத்தான் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு பக்கத்து டப்பாவுக்கு நகர்ந்தது. அதில் இருப்பது சூப்பைக் கெட்டியாக்கப் போடும் கார்ன் ஃப்ளோர். அதே வெள்ளை, அதே நைஸ், இனிப்பு மட்டும் கிடையாது. சின்ன டப்பாவில் கொட்டி, இறுக்கி மூடி, மகள் கையில் கொடுத்தாள். நான் கறிவேப்பிலையை அப்படியே போட்டுவிட்டுச் சல்லடை கேட்கக் கீழே போனேன்.

அத்தை சாறு பிழிந்து கலக்கினாள். குழந்தைகள் பிஸ்கெட் சுவர்களில் தடவி நிறுத்தின. ஒரு சுவர் வழுக்கி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. கூரை நேராகத் தரைக்கே போனது. அத்தை விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "இனிக்கவே இல்லையே" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், ருசி கண்ணாடியில் இருக்கிற மாதிரி. ஒரு வாண்டு உதட்டைப் பிதுக்கியது. இன்னொரு வாண்டு கோபத்தில் கிண்ணத்துக்குள் ஓங்கி ஒரு குத்து விட்டது.

கை உள்ளே போகவில்லை. கல்லில் குத்திய மாதிரி நின்றுவிட்டது. எடுத்து மெதுவாக வைத்தால், தண்ணீரில் இறங்குவதுபோல் இறங்கியது.

"டேய், டேய், இங்க பாருடா!"

அப்புறம் அங்கே வீடாவது சுவராவது! உருட்டினால் உருண்டை. உருட்டுவதை நிறுத்தினால் விரலிடுக்கில் ஒழுகியது. அறைந்தால் கெட்டியானது, விட்டால் ஓடியது. இத்தனை கூச்சலை அந்தக் கட்டடம் கேட்டதில்லை.

பொடிசு மட்டும் ஓரமாக நின்றது. டப்பாவின் அடியில் மிச்சமிருந்த மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தது. தலையைத் தூக்கி, மேல்மாடி இருக்கும் திசையைப் பார்த்தது.

"அண்ணி எதைக் குடுத்து விட்டாங்க?" என்றாள் அத்தை.

"விளையாடத்தான் அத்தை. அம்மா வேணும்னேதான் குடுத்தாங்க."

வேணும்னேதான் என்பது நூற்றுக்கு நூறு உண்மை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

முழங்கைவரை வெள்ளையாக அத்தனை குழந்தைகளும் மேலே ஓடின. நானும்தான். கதவைத் திறந்த கிரீம் அக்கா, "அய்யோ, மாத்திக் குடுத்துட்டேனா?" என்று சொல்வதற்காக ஒரு முகத்தைத் தயாராக வைத்திருந்தாள். அதற்கு வேலையே வரவில்லை.

"ஆன்ட்டி, சூப்பர்!" "அடுத்த வாரமும் குடுங்க ஆன்ட்டி!" "நீங்கதான் பெஸ்ட் ஆன்ட்டி!"

கூட்டத்துக்குப் பின்னால் படியில் அத்தை நின்றாள். எள்ளும் கொள்ளும் ஒரு மாடி இறங்கி அவள் முகத்துக்கு வந்திருந்தது. "உங்களுக்கு இதெல்லாம்கூட வரும்னு சொல்லவே இல்லையே அண்ணி" என்றாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் தயிரே திரிந்துவிடும்.

கூட்டம் கலைந்தது. நான் என் ஜன்னலுக்கு வந்தேன். அக்கா மகளின் கையைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது ஐசிங் சுகர் இல்ல. தேய்ச்சா கிறீச்னுச்சு. கார்ன் ஃப்ளோர்தான் கிறீச்னும்னு நீதான சொல்லிக் குடுத்த?"

அக்கா குழாயை மூடினாள்.

"அத்தைகிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்?"

"சொன்னா எல்லாரும் உன்னைத் திட்டுவாங்க." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டது. "கேக்கை நானே செய்யறேன். நீயும் தொடக் கூடாது, அத்தையும் தொடக் கூடாது. நான் சொல்றதை மட்டும் செய்யணும்."

அக்கா தலையை ஆட்டினாள். வேறு வழி?

பிறந்தநாளன்று பொடிசு முக்காலிமேல் ஏறி நின்றது. இரண்டு பெண்களும் இரண்டு பக்கமும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஒருத்தியைக் கூப்பிட்டால் இன்னொருத்திக்கு முகம் சுருங்கியது.

"அத்தை, முட்டை நீங்க உடைங்க."

உடைத்தாள். ஓடு விழுந்தது. பொடிசு சந்தோஷமாகப் பொறுக்கியது. கிரீம் அக்காவின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் துடித்ததை நான் பார்த்தேன். கேக் ஒரு பக்கம் சாய்ந்தபடி வெந்து வந்தது.

"அம்மா, ஐசிங் சுகர் எடு. சரியான டப்பாவைப் பார்த்து."

அக்காவின் காதுமடல் சிவந்தது. டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, மகளின் உள்ளங்கையில் வைத்தாள். "சொல்லு, இது என்ன?"

பொடிசு தேய்த்துப் பார்த்தது, நக்கிப் பார்த்தது. "இது சரி." இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"என்ன சிரிப்பு? எனக்கும் சொல்லுங்களேன்" என்றாள் அத்தை, கையில் முட்டை ஓட்டோடு.

"ஒண்ணுமில்ல அத்தை."

அந்த ஒண்ணுமில்லதான் அவளைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் தட்டில் ஒரு துண்டு கேக்கோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல ஏதோ இருக்கு. உங்களுக்குத் தெரியாம இருக்காது. ஜன்னல் வேற இருக்கு."

சொல்லத்தான் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் வாய் நிறையக் கேக். பல்லில் ஒரு முட்டை ஓடு நறுக்கென்றது. "எனக்கு என்னம்மா தெரியும்?" என்றேன்.

அவள் நம்பவில்லை. எழுந்து போகவும் இல்லை. நாற்காலியை இழுத்து என் ஜன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். எதிரே, டப்பாக்களை எல்லாம் மேடைமேல் இறக்கி வைத்து, பொடிசு அம்மாவின் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா, இது என்ன?"