செண்பகவல்லி வரவில்லை

மருந்து செய்யத் தொடங்கிய பதினான்காம் நாள் காலை, தரக் கட்டுப்பாட்டு அதிகாரியான குதிரை ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, செண்பகவல்லி வேலைக்கே வரவில்லை என்று முடிவு செய்தது. செண்பகவல்லி அதன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

குதிரை அனுபவசாலி. அந்தக் காலத்தில் தன் ரத்தத்தையே மருந்துக்காகக் கொடுத்தது. இப்போதெல்லாம் வெள்ளெலியின் செல்கள் எஃகுத் தொட்டிக்குள் நீந்தியபடி மருந்தைச் சுரக்கின்றன. குதிரைக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

"இதோ நிக்கிறேனே சார்."

"எங்க எழுதியிருக்கு?"

அந்தத் தொழிற்சாலையில் எழுதாத எதுவும் நடந்ததில்லை. பதினான்கு நாளும் தொட்டியின் சூட்டை மணிக்கு மணி எழுதினாள். உள்ளே நுழையும்போது தன் பெயரை எழுத மட்டும் மறந்துபோனாள். கெட்டிக்காரிகளுக்கென்றே வரும் மறதி இது.

"இப்ப எழுதிடறேன் சார்."

"வராதவங்க கையெழுத்து செல்லாதும்மா. இது யாருமே செய்யாத மருந்து. கொட்டிடுங்க."

அவள் அக்கா தெய்வானைக்கு மூட்டுகள் வீங்கி, விரல்கள் மடங்கிக் கிடந்தன. ஆஸ்பத்திரியில் இந்த மருந்துக்காகத்தான் காத்திருந்தாள். ஆனாலும் இவள் அசரவில்லை.

"நான் செய்யலை சார். சூடு மட்டும்தான் பாத்துக்கிட்டேன். செஞ்சவங்க உள்ள இருக்காங்க. அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்குங்க."

குதிரை யோசித்தது. "நாங்க ரத்தம் கொடுத்தப்ப எங்ககிட்ட யாரும் கையெழுத்து கேட்டதில்ல" என்றது. பிறகு பேனாவைத் தொட்டிக்குள் நீட்டியது.

செல்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டன. சில பாதியிலேயே இரண்டாகப் பிரிந்து இரண்டு கையெழுத்துப் போட்டன. தாள் நீண்டது. தாளுக்கு இடம் கொடுக்கத் தாழ்வாரமும் நீண்டு, ஆஸ்பத்திரிக்குள் போய் நின்றது. மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

செண்பகவல்லி குப்பியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் விறுவிறுவென்று நடந்தாள். காவலாளி தடுக்கவில்லை. வராதவளை வெளியே போகாதே என்று எப்படிச் சொல்வது?

தெய்வானையின் கட்டிலருகே குப்பி இருந்தது. நர்ஸ் ஊசி போட்டாள். "ஏம்மா, உங்களைப் பாக்க யாருமே வரலையா?" என்று தெய்வானையிடம் கேட்டாள். செண்பகவல்லி நர்ஸின் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

தெய்வானை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். நீண்டன. பார்வையாளர் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் பேனாவைப் பிடித்தாள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது.

'தங்கச்சி வந்திருக்கா' என்று எழுதினாள்.

நர்ஸ் படித்துப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? உக்காருங்க."