ஜெயலெட்சுமியின் தலைப்பட்டை

2024 ஒக்டோபர் 14, திங்கள்.

தோல்பட்டை முடிந்தது. தையல் துளைகள் நேராக வந்திருக்கின்றன. முள்ளுக்கரண்டியை அழுத்தி இடைவெளி குறித்தது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன், நிச்சயமில்லை. சாயம் பூசினால் ஒரு முழு நாள் காயவிட்டு, துணியில் நிறம் ஒட்டுவது நிற்கும்வரை துடைத்து, அதற்குப் பிறகு மெழுகு பூச வேண்டும் என்று வகுப்பில் எழுதித் தந்தார்கள். நான் நேற்று இரவு பூசி, இன்று மாலை நாலு தடவை துடைத்தேன். நாலாவது துணியிலும் சிவப்பு இருந்தது. ஐந்தாவது துணி எடுக்கவில்லை, மெழுகும் பூசவில்லை. நாளைக் காலையே அம்மாவிடம் கொடுக்க ஆசை. சிறிய தவறு.

எழுதி முடித்த விதுஷா, ‘சிறிய’ என்ற சொல்லை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள். அடிக்கலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை.

பசறையில் செவ்வாயும் வியாழனும் மாலையில் நடக்கும் தோல் வேலை வகுப்பில் அவள் சேர்ந்து ஒன்றரை மாதம்தான். ஒரு சாவிக்கொத்துப் பட்டையும் ஒரு கோணல் பர்ஸும் செய்திருந்தாள். மூன்றாவதாக ஏன் இதை எடுத்தாள் என்று கேட்டால் ஒரே பதில்தான். தேயிலைக் கொழுந்துச் சாக்கின் கயிறு உச்சந்தலையில் அழுத்த, அதைச் சுமந்துகொண்டு மலையேறி இறங்கும் அம்மா ஜெயலெட்சுமி, வீட்டுக்கு வந்ததும் இரண்டு பெனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். நாலு விரல் அகலத்தில் தோல்பட்டை இருந்தால் பாரம் பரவும், தலைவலி குறையும் என்பது விதுஷாவின் கணக்கு.

செவ்வாய் காலை, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது ஜெயலெட்சுமி பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னாடி இது, மாட்டுக்கு மாட்டுற மாதிரி?”

“போட்டுப் பாருங்கம்மா. வலிச்சா கழட்டிருங்க.”

“செவப்பா வேற இருக்கு. நாளைக்கு லயத்து வீடுகள்ல இருக்கிற எல்லாப் பொம்பளயும் உங்கிட்ட வந்து நிப்பாளுக, பாரு.”

சொல்லிக்கொண்டே சாக்கின் கயிற்றை அவிழ்த்து, பட்டையின் இரு முனைகளிலும் இருந்த வளையங்களில் கட்டினாள். முகத்தில் அப்படியொரு பெருமை. விதுஷா அன்று பஸ்ஸில் பசறை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.

பகல் இரண்டு மணிக்கு மழை கொட்டியது. அவள் வேலை செய்த ஸிஹாமாவின் போட்டோகொப்பிக் கடையில், தகரக் கூரைச் சத்தத்தில் போன் அடித்தது பாதிதான் கேட்டது. அம்மாவோடு கொழுந்து பறிக்கும் பெரியாயி பேசினாள்.

“புள்ள, ஒடனே வா. ஒங்கம்மா தலயெல்லாம் ரத்தம்.”

“என்னக்கா சொல்றீங்க? விழுந்துட்டாங்களா?”

“விழல. கொளவியும் கொத்தல. கொழுந்து நிறுக்க வந்து வரிசையில நின்னா. நெத்தியில இருந்து நிக்காம ஊத்துது. தோட்டத்து மருந்துக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போறோம்.”

ஸிஹாமா குடையை நீட்டினாள். விதுஷா அதை வாங்காமலேயே முச்சக்கரவண்டியில் ஏறினாள்.  யோசிக்கவே முடியவில்லை. இரத்தம் எங்கிருந்து வரும்? தலைக்குள் ஏதாவது வெடித்துவிட்டதா?

மருந்துக்கூடத்து விறாந்தையில் ஏழெட்டுப் பெண்கள் நனைந்தபடி நின்றார்கள். கணக்கப்பிள்ளை தம்பையா அவளைக் கண்டதும், “ரத்தம் பட்ட கொழுந்த தனியா வைக்கச் சொல்லிட்டேன்மா, பயப்படாத” என்றார்.

உள்ளே அம்மா நீளமான மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி, கன்னம், கழுத்து, சட்டை எல்லாம் சிவப்பு. விதுஷா அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மருந்துக்கூடத்துப் பொறுப்பாளர் கனகரத்தினம் ஈரப் பஞ்சால் நெற்றியைத் துடைத்து, பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார். “பிள்ளை, இது இரத்தமில்லை. இரத்தமெண்டால் இவ்வளவு நேரத்துக்கு உறைஞ்சிருக்கும். இது ஏதோ சாயம்.”

விதுஷா தன் விரல் நகங்களைப் பார்த்தாள். பட்டைக்குப் பூசும்போது ஒட்டிய அதே சிவப்பு. வாங்கின் கீழே சாக்கோடு கிடந்த பட்டையிலிருந்து தரையெல்லாம் சிவப்புத் தண்ணீர் ஓடியது.

“நான்தான்... நான்தான் பூசினேன். காயல. தெரிஞ்சுதான் கொடுத்தேன்.”

வாசலில் நின்ற பெரியாயி முந்தானையால் வாயைப் பொத்தினாள். “அடிப் பாவி! எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. கூத்துக்கு வேஷம் கட்டுற மாதிரில்ல ஆத்தாவ அனுப்பி வச்சிருக்க!” பெண்கள் சிரித்தார்கள். தம்பையாவும் சிரித்தார். விதுஷாவுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது.

கனகரத்தினம் சிரிக்கவில்லை. “கொண்டையை அவிழுங்கோ, சாயம் எங்கை வரைக்கும் இறங்கியிருக்கெண்டு பாப்பம்” என்றார்.

“வேணாங்கய்யா. வீட்டுல போயி கழுவிக்கிறேன்” என்று ஜெயலெட்சுமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அந்தக் கைகளை மெதுவாக எடுத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்து, முடியை இரண்டு பக்கமும் விலக்கினார்.

உச்சியின் குறுக்கே ஒரு காது பக்கமிருந்து மறு காது பக்கம் வரை ஒரு முடிகூட இல்லை. கயிற்றின் அகலத்துக்கு ஒரு பள்ளம். தோல் காய்ந்து கெட்டியாக, அவள் வகுப்பில் வெட்டும் தோலைப் போலவே இருந்தது. நடுவில் சதை பிளந்து சீழ் வைத்திருந்தது. அதற்குள்ளும் சாயம் இறங்கியிருந்தது.

விறாந்தையில் சிரிப்பு நின்றது. ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பால் தலைவாரி வளர்ந்த விதுஷா, இருபத்திமூன்று வயதில் அம்மாவின் தலையை முதல்முறையாகப் பார்த்தாள்.

“எவ்வளவு நாளாம்மா?”

“போன வருச மழைக்கு முந்தியே.”

“சாயம் பட்டு எரிஞ்சிருக்குமே! கழட்டச் சொன்னேன்ல?”

“எரிஞ்சிச்சுதான்.” ஜெயலெட்சுமி தரையைப் பார்த்தாள். “நீ செஞ்சதுல்ல. எல்லாருகிட்டயும் காட்டிட்டேன்.”

கனகரத்தினம் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். “நாளைக்கே பசறை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. இது என்னட்டை வைச்சுப் பாக்கிற காயமில்லை. சாயப் போத்தலையும் கொண்டுபோய்க் காட்டு, அங்கை டொக்டர்மாருக்கு என்ன பட்டதெண்டு தெரியவேணும்.”

லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜெயலெட்சுமி ஒன்றையே சொன்னாள். “நாளக்கிப் பேரு போயிரும்டி, சம்பளமும் கெடைக்காது. இனிமே பாரம் தூக்காதன்னு டாக்டரு எழுதிட்டா நான் என்னா செய்வேன்? இத்தன நாளு எதுக்கு மறைச்சேன்?”

“எழுதினா எழுதட்டும். தல ஒன்னுதான இருக்கு.”

“நீ சொல்லுவ.”

“பட்டைய நம்பிக் கொடுத்தேன், தப்பாப் போச்சு. இதுல ஒங்க பேச்ச நான் கேக்க மாட்டேன். நீங்க வரலைன்னா பெரட்டுக் களத்துலயே வந்து கூட்டிட்டுப் போவேன்.”

வீட்டுக்கு வந்ததும் ஜெயலெட்சுமி கட்டிய தலையோடு பெட்டியைத் திறந்து, ஆஸ்பத்திரியில் காட்டும் கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து மேசையில் வைத்தாள்.

விதுஷா நோட்டைத் திறந்தாள். நடந்ததை எழுத முயன்றாள். கை ஓடவில்லை. திகதி போட்டு இவ்வளவுதான் எழுதினாள்:

நாளை, புதன். காலை ஆறரை பஸ். அம்மாவைப் பசறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். கிளினிக் கொப்பி, சாயப் போத்தல் இரண்டையும் பையில் வைக்க வேண்டும்.