உப்பு விழுந்த உறைமாவு

சகாயராணி ஜாடியைத் திறந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். மற்ற நாளாக இருந்தால் மாவு விளிம்பு வரை பொங்கி, மேலெல்லாம் குமிழி விட்டு, கனிந்த வாழைப்பழ வாசனை அடித்திருக்கும். இன்றைக்குத் தெளிந்த தண்ணீர் மேலே நிற்க, போஸ்டர் ஒட்டுகிற பசையைப் போல அடியில் படிந்து கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பார்த்தாள். ஒரு கரண்டி சர்க்கரை போட்டுப் பார்த்தாள். கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தாள், பிறகு தூக்கிப்போய் வாசல் வெயிலில் வைத்தாள். ஒரு குமிழி வரவில்லை.

"செத்துப்போச்சா?" என்றார் அவள் கணவர் செபாஸ்டின்.

அவள் ஜாடியை மறுபடி அடுப்போரம் கொண்டுபோய் வைத்தாள்.

பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, அந்த வீட்டுப் பன்னுக்கு இந்த உறைமாவு. செபாஸ்டினின் தாத்தா பங்குச் சாமியார் பங்களாவில் சமையல்காரராக இருந்தபோது கற்றுக்கொண்டு வந்தது. தினமும் ஒரு பிடி மாவும் கொஞ்சம் தண்ணீரும் போட்டால் போதும், அது பாட்டுக்கு உயிரோடு இருக்கும். பண்டிகை நாளில் அதில் ஓர் உருண்டை எடுத்து மைதாவோடு பிசைந்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, குண்டானில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் வைத்துச் சுடுவார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சோறு கிடையாது. எலுமிச்சை அளவைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைப் பன், கறிக்குழம்பில் தோய்த்துத் தின்ன வேண்டியதுதான். உறைமாவை மருமகளுக்குத்தான் கொடுப்பார்கள், மகளுக்குக் கொடுக்கமாட்டார்கள். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. போட்டவர் நிச்சயம் ஒரு மாமியாராகத்தான் இருக்கவேண்டும்.

அந்த வீட்டு மகள் பிளசி, மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் வேலை பார்க்கும் மாதவராஜைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கோயிலில் வைத்துக் கட்டியிருந்தாலாவது செபாஸ்டின் மனசு ஆறியிருக்கும். ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டினார்கள். "அவங்க வூட்டு வாசப்படிய இந்த வூட்டுல இருந்து யாரும் மிதிக்கக்கூடாது" என்று சொன்னவர், மகள் மாசமாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டும் அசையவில்லை. போன வாரம், குழந்தை வயிற்றிலேயே இறந்துபோய்விட்டது என்று செய்தி வந்தபோதும் தோட்டத்துக்குப் போய்விட்டார். சகாயராணிக்கு அழுவதற்கு அடுப்படியை விட்டால் இடமில்லை.

அன்றைக்குத்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். மாதா படத்துக்குக் கீழே, கோயிலில் மந்திரித்த உப்பு ஒரு பொட்டலம் இருந்தது. வீட்டு மூலைகளில் போட்டாள், வாசலில் போட்டாள். மிச்சம் ஒரு கைப்பிடி நின்றது. மகள் சின்ன வயசில் ஆசையாக எட்டி எட்டிப் பார்த்த ஜாடி கண்ணில் பட்டது. "தாயே, இந்த வூட்டுல மிச்சம் இருக்கற உயிரையாவது காப்பாத்து" என்று அத்தனை உப்பையும் அதற்குள் கொட்டினாள். உப்பு மந்திரித்ததா கடையில் வாங்கியதா என்று மாவுக்குத் தெரியுமா? அழுகையில் அதற்குப் பிறகு அவள் ஜாடியைத் திறந்தே பார்க்கவில்லை. அது சத்தமில்லாமல் செத்துப்போனது.

நேற்று மருமகன் போன் செய்தான்.

"அத்தைங்க, மாதவராஜ் பேசறங்க. ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து அவ ஒண்ணும் சாப்புட மாட்டங்கறாங்க. சொவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறா. குளுக்கோஸ் ஏத்திதான் அனுப்பனாங்க. இப்படியே இருந்தா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரு சத்தம் போடறாருங்க. நேத்து ஒரே ஒரு வார்த்த சொன்னா. எங்க வூட்டு பன்னு இருந்தா ஒரு வாய் தின்னுவேன்னா." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

பக்கத்தில் நின்று கேட்ட செபாஸ்டின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சுட்டு எடுத்துக்கிட்டுப் போ. வாயில எதாச்சும் போவட்டும்" என்றார். இரண்டு வருஷத்தில் மகளுக்காக அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். சந்தோஷத்தில் ஜாடியைத் திறக்க ஓடினாள் சகாயராணி. அதற்குப் பிறகு நேற்று முழுக்கவும் இன்று காலையும் செத்த மாவோடு அவள் போராடியதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

உறைமாவு இருக்கக்கூடிய இன்னொரு வீடு, அவளுடைய ஓரகத்தி மிக்கேலம்மாள் வீடு. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்ற வீடு. மானம் ரோஷம் பார்க்கிற நேரமா இது? தலைமுடியைக்கூட வாராமல் ஓடினாள்.

"அதெல்லாம் எப்பவோ வுட்டாச்சு ராணி" என்றாள் மிக்கேலம்மாள். "தெனமும் தீனி போட அது என்ன கறவ மாடா? பேக்கரியில வாங்கிட்டுப் போ. தின்னறவளுக்குத் தெரியவா போவுது?"

"அவளுக்குத் தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டு, அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள் சகாயராணி. மிக்கேலம்மாள் பழைய பகையை மறந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீரால் என்ன ஆகும்?

வீட்டுக்கு வந்து பையை எடுத்தபோது செபாஸ்டின் கேட்டார். "பன்னு இல்லாம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவ?"

"இருக்கற மூஞ்சிய வச்சிக்கிட்டுதான் போவணும்" என்றாள். அவரிடம் அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஏரியூரிலிருந்து பஸ் மாறி மாறிப் பாலக்கோடு வந்து சேர்ந்தாள். ஸ்டாண்டில் இருந்த பேக்கரியில் உருண்டைப் பன் வாங்கினாள். அதன் தலையில் சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி ஒட்டியிருந்தது. மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு, இன்னொரு கை நகத்தால் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். நானே சுட்டது என்று சொல்லிவிடவேண்டும். பொய்தான். பிள்ளை ஒரு வாய் தின்றால் போதும், கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் இருந்த பெண் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

வாசலில் மாதவராஜின் அம்மா காசியம்மாள் நின்றிருந்தாள். இரண்டு பேரும் அதுவரை ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. "வாங்க சம்மந்தி" என்று கையைப் பிடித்து நேரே உள்ளறைக்குக் கூட்டிப்போனாள்.

கட்டிலில் ஒரு போர்வைதான் கிடக்கிறது என்று நினைத்தாள் சகாயராணி. அதற்குள் மகள் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டையே இரண்டாக்கிவிட்டுப் போன பிள்ளையின் மணிக்கட்டு விறகுச் சுள்ளி போல் இருந்தது. வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்தது.

"பிளசி, அம்மா வந்திருக்கன்டா. பன்னு கொண்டாந்திருக்கேன். நானே சுட்டேன்."

பிளசி திரும்பாமலே கையை நீட்டினாள். பன்னை வாங்கி மூக்கருகே வைத்தாள். பிறகு தலையணைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டாள்.

"இது நம்ம வூட்டுது இல்லம்மா."

அவ்வளவுதான், சகாயராணி உடைந்துவிட்டாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். "செத்துப்போச்சுடி! நாந்தான்டி கொன்னேன். உனக்காக வேண்டிக்கிட்டு மந்திரிச்ச உப்ப எடுத்து உறைமாவுல கொட்டுனன்டி. பெரியம்மா வூட்லயும் இல்ல. எங்கயுமே இல்ல. உனக்குத் தர எங்கிட்ட ஒண்ணுமே இல்லடி!"

பிளசியின் முதுகு குலுங்கியது. "எங்கிட்டயும் இருந்துச்சும்மா" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "வூட்டவுட்டு வரப்ப ஒரு உருண்ட திருடிக்கிட்டுதான் வந்தேன். மருமவளுக்குத்தான் தருவீங்க, எனக்குத் தரமாட்டீங்கல்ல. தெனமும் மாவு போட்டேன். ஒரு நாளும் சுடல. கொழந்த பொறந்ததும் சுட்டு, அதத் தூக்கிக்கிட்டு வந்து அப்பா கையில குடுக்கணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரியிலயே எத்தன நாளு போயிடுச்சு. அதுவும் செத்திருக்கும். போயிப் பாக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லம்மா."

அதைக் கேட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்ற காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், துணி கட்டிய ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதையா கேக்கறீங்க?" அவள் குரல் பயந்திருந்தது. "அவ தெனமும் இதுல ஒரு பிடி மாவு போடறதப் பாத்திருக்கங்க. என்னான்னு கேட்டா, எங்கம்மா வூட்டு மாவு அத்தேன்னு சொல்லுவா. அவ ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப, அம்மா வூட்டுதுன்னு சொன்னாளே, நாமதான பாத்துக்கணும்னு தெனமும் போட்டேன். மைதா தீந்துபோச்சுங்க. ராகி மாவுதான் இருந்துச்சு. தப்பா போச்சுங்களா?"

சகாயராணி துணியை அவிழ்த்தாள். கேழ்வரகுக் களி நிறத்தில் மாவு விளிம்பைத் தாண்டிப் பொங்கி, துணியிலேயே ஒட்டியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குமிழி உப்பி உடைந்தது. வாசனை அடித்தது.

அந்த வாசனை கட்டில் வரை போயிருக்கவேண்டும். பிளசி திரும்பினாள். எழுந்து உட்கார முயன்றாள், முடியவில்லை. இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. செத்த குழந்தைக்காக அவள் அதுவரை அழவே இல்லை என்று காசியம்மாள் பிறகுதான் சொன்னாள்.

அன்று மாலை பிசைந்து வைத்து, மறுநாள் காலை சுட்டார்கள். குண்டான் பழகாத குண்டான், மணல் பாதி மண். பன்கள் கருப்பாக, கல்லு மாதிரி வந்தன. செபாஸ்டினின் தாத்தா பார்த்திருந்தால் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார். சகாயராணி ஒன்றைப் பிட்டு, ஆவி பறக்க, காசியம்மாள் வைத்திருந்த குழம்பில் தோய்த்து நீட்டினாள். பிளசி வாங்கி மென்றாள். வெகுநேரம் மென்றாள். விழுங்குகிறாளா துப்புகிறாளா என்று பார்த்தபடி இரண்டு பேரும் நின்றார்கள். விழுங்கினாள். இன்னொரு வாய்க்குக் கையை நீட்டினாள். அதற்குள் காசியம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

பாதிப் பன்தான் தின்றாள். அது போதும். மிச்சத்தைச் சகாயராணி ஒரு பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தாள், செபாஸ்டினுக்கு. பிறகு கொஞ்சம் தயங்கினாள். மகளிடம் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"பிளசி, நம்ம வூட்டுல உறை இல்ல. அம்மாவுக்கு ஒரு உருண்ட குடுடி."

பிளசி டப்பாவை இழுத்துத் தன் கையாலேயே ஓர் உருண்டை எடுத்தாள். அம்மாவின் உள்ளங்கையில் வைக்கப் போனவள் நிறுத்தினாள். காய்ந்துபோயிருந்த உதடு லேசாக விரிந்தது.

"குடுக்கறேன்" என்றாள். "உப்பு போட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."