பெட்டி கட்டிய பிறகு

மூன்று பெட்டிகளையும் கட்டிப் பூட்டி முன்னறையில் வைத்த அன்றைக்குத்தான் மெலனிக்குக் காய்ச்சல் தொடங்கியது.

அதற்கு முந்தைய ஒரு மாதமாக ஜெயந்தனுக்கு இந்தப் பயணத்தைத் தவிர வேறு நினைவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் பார்க்கிறவன் அவன். அந்த வேலையை விட்டுவிட்டு, மூன்று வயது ஜக்சனையும் இன்னும் ஒரு வயது நிரம்பாத மெலனியையும் தனி ஆளாகக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போக ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். மனைவி நிலுஷா தாதி. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவள் முன்னால் போனபோது மெலனிக்குக் கவிழ்ந்து படுக்கவும் தெரியாது. இப்போது பிளாஸ்ரிக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறாள். அவளுக்குத் தாய் என்றால் போனில் தெரிகிற முகம். ஜக்சனுக்கே அது அப்படித்தான் ஆகிவிட்டது. போனை வயரில் கொளுவி வைத்திருந்தால், அம்மாவுக்குச் சார்ஜ் இல்லையாம் என்று தங்கச்சிக்குச் சொல்லுவான்.

பகலில் பிள்ளைகளைப் பார்த்தவள் பக்கத்து வீட்டு றிஷானா. அவளும் கணவன் முனாப்பும் பல வருடம் கத்தாரில் இருந்துவிட்டு வந்தவர்கள். கைக்குழந்தைகளோடு அவள் தனியாகவே போய்வந்திருக்கிறாள். பெட்டியில் போடுகிற சாமான் பயணத்துக்கு உதவாது, தோளில் தொங்குகிற பையை நம்பித்தான் பிள்ளையோடு ஏறவேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பம்பர்ஸ், பால்மா, சுடுதண்ணிப் போத்தல், பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு, அதோடு அவனுக்கும் ஒரு சேர்ட். சத்தி எடுத்தால் அது உங்கட மேலதான் எடுக்கும் தம்பி என்றாள். விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பால்போத்தலை வாயில் வைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் காது அடைக்கும் என்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நித்திரை கொள்கிற பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மூத்தவனை எப்படிக் கக்கூசுக்குக் கூட்டிப்போவது என்று ஜெயந்தன் கேட்டான். யாராவது ஒரு பொம்பிளை பிள்ளையை வாங்குவாள் என்றாள் றிஷானா.

பழக்கிப் பார்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரையும் பஸ்ஸில் ஏற்றித் தம்பலகாமம் வரை போய்வந்தான். ஜக்சனைச் சீற்றில் இருத்தி, தன் இடுப்புப் பெல்ற்றால் சுற்றிக் கட்டினான். அவன் கத்திய கத்தலில் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தான். வளைவுகளில் மெலனி சத்தி எடுத்தாள், றிஷானா சொன்னபடியே ஜெயந்தன் மேல். முன்சீற்றிலிருந்த ஒரு அம்மா பிள்ளையைக் கைநீட்டி வாங்கித் துடைத்துவிட்டு, தாய் எங்கே என்று கேட்டாள். வெளிநாட்டில் என்றான். அவளுக்குப் பக்கத்திலிருந்தவளும் திரும்பி அதையே கேட்டாள். இறங்கும்வரை அந்தப் பஸ்ஸில் இருந்த பெண்களெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அவனோடு யாரும் வேறு எதுவும் கதைக்கவில்லை.

பெட்டிகளின் நிறையைப் பார்க்க வீட்டில் ஒன்றும் இல்லை. முனாப் தன் மீன்கடைத் தராசைக் கொண்டுவந்து முற்றத்து வேம்பில் தொங்கவிட்டான். பெட்டிகள் கொக்கியில் ஆடின. ஒன்றின் நிறை கூடிப்போயிருந்தது. நிலுஷா கேட்டிருந்த மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் எடுக்க மனம் வரவில்லை. பிள்ளைகளின் சாமானில் கைவைக்க ஏலாது. தன்னுடைய உடுப்புகளிலிருந்து பாதியை ஜெயந்தன் வெளியே எடுத்தான். மெல்லிய கம்பிளிச் சட்டைகள் இரண்டை, எங்கோ வாங்கிய பழசு, பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த வெயிலில் ஜக்சன் வியர்த்து ஒழுகிக்கொண்டு கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தான்.

வீட்டுச் சாமான்களும் ஒவ்வொன்றாகப் போயின. கட்டிலும் அலுமாரியும் ஓர் உறவுக்காரனுக்கு. காஸ் அடுப்பு இறக்கக்கண்டியிலிருந்து வந்த படகுத் தோழனுக்கு. வேலையிடத்தில் ரொட்டியும் சோடாவும் வைத்து வழியனுப்பினார்கள். கோவிலில் பாதர் மூவரையும் முன்னால் கூப்பிட்டுச் செபித்தார். பெண்கள் பிள்ளைகளின் கையில் கற்கண்டு கொடுத்து நெற்றியில் சிலுவை போட்டார்கள். அடுத்தநாள் விடிய, விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வான் வரவேண்டும். அன்று பின்னேரம் மெலனியின் உடம்பு கொதித்தது. வலதுகாதைக் கையால் இழுத்து இழுத்து வீரிட்டாள்.

டொக்டர் காதுக்குள் லைற் அடித்துப் பார்த்தார். உள்ளே நன்றாகச் சிவந்து வீங்கியிருக்கிறது, இந்த நிலையில் விமானத்தில் ஏற்றினால் பிள்ளைக்கு வேதனை தாங்காது, ஒரு கிழமை மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றார். ஜெயந்தன் வாசலிலேயே நின்று நிலுஷாவுக்கு எடுத்தான். அவள் இரவு வேலை முடிந்து படுத்திருந்தவள். என்ன மருந்து, எத்தனை பாகை காய்ச்சல், காதால் ஏதும் வடிகிறதா என்று தாதி கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு குரல் மாறியது.

“மருந்தைக் குடுத்துக்கொண்டு ஏத்தலாம்தானே. நான் கெஞ்சிக் கெஞ்சி லீவு எடுத்து வைச்சிருக்கிறன்.”

“ஏலாது நிலு. பிள்ளை காதைப் பிடிச்சுக்கொண்டு துடிக்கிறாள். நான் ஏத்தமாட்டன்.”

“நான் தாய். எனக்குத் தெரியாதே?”

“நீ போனில பாக்கிறாய். நான் மடியில வைச்சிருக்கிறன்.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று வாய் மூடுமுன்பே தெரிந்துவிட்டது. அதற்குள் லைன் விட்டுப்போயிருந்தது. அவன் திரும்ப எடுத்தான், அவள் தூக்கவில்லை. இரவு ஒரு செய்தி மட்டும் வந்தது. எந்த மருந்தை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கொடுக்கவேண்டும் என்று. அவனைப் பற்றியோ தன்னைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை.

பயணச்சீட்டைப் பின்போட்டாயிற்று. ஆனால் வீடு வெறும் வீடு. கதைத்தால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. றிஷானா ஒரு பாயும் தண்ணி சுடவைக்க ஒரு கேத்திலும் தந்தாள். மூன்று நேரமும் சாப்பாடு அனுப்பினாள். கட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டி வந்தது. முதலில் பிள்ளைகளின் உடுப்பு, பிறகு துவாய், பிறகு அடியில் வைத்த பால்மா. ஒரு மாதம் மடித்து மடித்து வைத்ததெல்லாம் இரண்டு நாளில் தரையில் கிடந்தது. காலையில் எழும்பி அந்த அறையைச் சுற்றிப் பார்த்த ஜக்சன், இதுதானோ இங்கிலாந்து என்று கேட்டான். இல்லையடா என்றதும், அப்படியென்றால் கட்டில் எங்கே என்றான்.

ஜெயந்தன் வெளியே போகக் கூசினான். ஊர் முழுக்க அவனை வழியனுப்பிவிட்டது. ஒருநாள் மருந்துக்கடைக்குப் போன வழியில் வேலையிடத்துப் பொடியன்கள் இருவர் கண்டு, என்ன அண்ணை போகேல்லையோ என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னான். தலையை ஆட்டினார்கள். பிறகு தங்கள் பாட்டில் நடந்தார்கள். விடைபெற்று முடிந்த ஆளோடு கதைக்க ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. அதன்பிறகு பின்னேரங்களில் பின் ஒழுங்கையால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உட்துறைமுகக் கரைக்குப் போய் இருந்தான். ரோட்டோரத்தில், ஊருக்குள் திரிகிற மான்கள் காகிதப் பெட்டிகளை முகர்ந்துகொண்டு நிற்கும். ஜக்சன் அவற்றுக்குப் பின்னால் போவான். மருந்தின் மயக்கத்தில் மெலனி தகப்பனின் தோளில் கன்னம் வைத்துப் படுத்திருப்பாள். தூரத்தில் இழுவைப் படகொன்று கோதுமைக் கப்பலைத் திருப்பிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கேட்டே எந்த எஞ்சின் என்று அவனுக்குத் தெரியும். இப்போது கீழே எஞ்சினடியில் வேறொருவன் நிற்பான்.

நிலுஷா போன பிறகு வந்த மாதங்களில் தான் யாரோடு கதைத்தோம் என்று யோசித்துப் பார்த்தான். நிலுஷா எடுத்தால் பிள்ளைகளின் கதை. றிஷானா வந்தால் பிள்ளைகளின் கதை. அவன் சாப்பிட்டானா, இரவில் படுத்தானா என்று கேட்க ஆள் இருக்கவில்லை. தோளில் கிடந்த இந்த ஒரு முழப் பிள்ளை மட்டும், அவன் எழும்பிக் குசினிக்குப் போனாலும் பார்வையால் தேடியது. அதை நினைத்ததும் அவனுக்கு ஒரு பயம் வந்தது. அங்கே போனதும் இதுவும் போய்விடும்.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள், பகலில், வழக்கமில்லாத நேரத்தில் நிலுஷா எடுத்தாள். முகம் வீங்கியிருந்தது. பின்னால் சுவரோரமாக ஒரு சின்னக் கட்டில், கம்பி வைத்தது, மேலே மஞ்சள் போர்வை. அந்தக் கட்டிலை அவள் அதுவரை காட்டியதில்லை.

“அண்டைக்கு உங்களோட கோவம் இல்லை,” என்றாள். “நான் இந்தக் கட்டிலைப் போட்டு ஒரு மாதம். வேலையால வந்து இதுக்குப் பக்கத்தில நிலத்தில படுக்கிறனான்.”

அவன் மெலனியைத் திருப்பிக் காட்டினான். அவள் போனைத் தட்டப் பார்த்தாள்.

“என்னைக் கண்டு பிள்ளை அழுதால் என்ன செய்யிறது, ஜெயந்தன்?”

“அழுவாள்,” என்றான். “ஒரு கொஞ்ச நாளைக்கு அழுவாள்.”

நிலுஷா அழவில்லை. தலையை ஆட்டினாள். பிறகு, நீங்கள் ஏன் இப்படி மெலிஞ்சு போனீங்கள் என்று கேட்டாள். அவன் கமெராவைச் சீலிங் பக்கம் திருப்பிவிட்டு, லைன் சரியில்லை என்றான்.

டொக்டர் காது தெளிந்துவிட்டது என்று சொன்ன அன்றே பெட்டிகளைத் திரும்பக் கட்டினான். இந்தமுறை அரைநாள் கூட எடுக்கவில்லை. அந்தக் கிழமையில் தொடாத சாமானையெல்லாம் றிஷானாவிடம் கொடுத்துவிட்டான். அப்படிக் காலியான இடத்தில் தன் உடுப்புகளை வைத்தான். வான் வந்தபோது தெருவில் வேறு யாரும் இல்லை. முனாப் பெட்டிகளைத் தூக்கி ஏற்றினான். றிஷானா மெலனியை வாங்கி இறுக்கி ஒருதரம் முகர்ந்துவிட்டுத் தந்தாள். இத்தனை மாதம் வளர்த்தவள் அவள். அவளுடைய கை அதற்குப் பிறகும் நீட்டியபடியே நின்றது. ஜெயந்தன் அதைக் கண்டான். போட்டு வாறன் அக்கா என்று மட்டும் சொன்னான்.

விமானத்தில் எல்லாம் நடந்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. ஏறும்போது மெலனி போத்தலைச் சூப்பிக்கொண்டே நித்திரையானாள். பெல்ற் பூட்டியதும் கத்துவான் என்று நினைத்த ஜக்சன், பக்கத்தில் எல்லாரும் பூட்டுவதைக் கண்டு பேசாமல் இருந்தான். இடையில் இறங்கி மாறவேண்டிய இடத்தில் இருவரும் சேர்ந்து அழுதார்கள். அப்போது ஒரு சிங்களப் பெண் ஒன்றும் கேட்காமல் மெலனியை வாங்கிக்கொண்டாள்; அவன் ஜக்சனைக் கக்கூசுக்குக் கூட்டிப்போய் வந்தான். அவள் தாயைப் பற்றி விசாரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு இரண்டு தரம் நன்றி சொன்னான்.

வெளியே வந்தபோது நிலுஷா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நினைத்ததைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். ஜக்சன் முதலில் தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்தான். பிறகு தன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதும் குரலை அடையாளம் கண்டு மெல்லப் போனான். மெலனி போகவில்லை. நிலுஷா கை நீட்டியதும் முகத்தைத் திருப்பி ஜெயந்தனின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு பெரிதாக அழுதாள். அந்த ஒரு கணம் அவனுக்குள்ளே ஏதோ குளிர்ந்தது. சந்தோசம்தான் அது. அடுத்த கணம் நிலுஷாவின் முகத்தைக் கண்டு வெட்கப்பட்டான்.

நிலுஷா பிடித்து இழுக்கவில்லை. கைகளை மடக்கி, அவன் தோளில் தொங்கிய பையை வாங்கித் தன் தோளில் போட்டாள். அழட்டும் விடுங்கோ என்றாள். வெளியே நல்ல குளிர். பஸ்ஸில் ஜக்சன் அவள் மடியில் விழுந்து நித்திரையாகிவிட்டான். மெலனி ஜெயந்தனின் மடியிலிருந்து கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு காலில் சொக்ஸ் கழன்று விழுந்திருந்தது. நிலுஷா பார்த்தாள். மெல்லக் கையை நீட்டி அந்தக் காலை உள்ளங்கையால் மூடினாள். மெலனி ஒருதரம் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். காலை இழுக்கவில்லை. திரும்ப மழையைப் பார்க்கத் தொடங்கினாள்.

“நீங்கள் என்னவும் சாப்பிட்டனீங்களே?” என்று நிலுஷா கேட்டாள்.

இல்லை என்றான்.